வெள்ளை ரோஜாவுக்கு வெயில் ஆகாது

"ஃபேனைப் போடாதேன்னு சொன்னேனா இல்லையா? காத்து பட்டா பூ தொங்கிடும்!"

சுவிட்ச் பக்கம் நீண்ட கையை அவள் இழுத்துக்கொண்டாள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வெளியே, தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில்.

"பூ உள்ள ஏ.சி.யில இருக்கு. நான் கூடத்துல வேகறேன். இங்க ஃபேன் சுத்தினா அதுக்கு என்னங்க வந்துச்சு?"

"கதவு இடுக்கு வழியா அனல் உள்ள போகும். உனக்கு இதெல்லாம் புரியாது."

அப்படிச் சொல்ல அவள் கணவருக்கு உரிமை இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் துணைத் தலைவர் அவர். சம்பளம் கிடையாது, அதிகாரமும் கிடையாது. ஆனால் விசிட்டிங் கார்டு உண்டு. காய்கறி வண்டிக்காரரிடம்கூட ஒன்று கொடுத்து வைத்திருக்கிறார். வெட்டிய பூவைக் கோடையில் வாடாமல் காப்பது எப்படி என்று செல்போனில் படித்ததை, தானே கண்டுபிடித்த மாதிரி சுற்றறிக்கையாக எழுதி, சங்க முத்திரை குத்தி, படுக்கை அறைக் கதவில் ஒட்டியிருந்தார். வீட்டில் அதைப் படிக்க இருந்த பொதுமக்கள் அவள் ஒருத்திதான்.

அதன்படி காலையும் மாலையும் வாளித் தண்ணீரை மாற்றினாள். காம்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சாய்வாக நறுக்கினாள். நீரில் முங்கிய இலைகளைக் கிள்ளி எறிந்தாள். ஒரு சிட்டிகை சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. பக்கத்தில் பழம் பழுத்தால் பூவுக்கு ஆயுசு குறையுமாம். வாழைப்பழம் வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டது. அவளைக் கூடத்தோடு விட்டுவிட்டார், அந்த மட்டுக்கும் கருணை. பூவுக்குக் காவலாக ஏ.சி.யில் அவரே படுத்துக்கொண்டார்.

"எல்லாமே வெள்ளை ரோஜாவா வாங்கியிருக்கீங்களே, ரெண்டு சிவப்பு கலந்திருக்கக் கூடாதா?"

"கலர் பூ வெயில்ல சீக்கிரம் மங்கிடும்."

"அதுக்காக இப்பவே வாங்கி வெச்சுக்கிட்டு இந்தப் பாடு படணுமா?"

"செய்தி வந்தப்புறம் கடைக்கு ஓடினா வதங்கினதுதான் கிடைக்கும். அதுக்குள்ள அந்தப் பொருளாளர் முந்திக்குவான். நாலு பேர் பார்க்க, பூவோட முதல் ஆளா எவன் போய் நிக்கிறானோ அவன்தான் அடுத்த தலைவர். எப்ப வேணா போன் வரலாம். நீ தண்ணியைப் பாரு."

அவளுக்குப் புரிந்தது. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் சங்கத் தலைவர் பல நாளாக மருத்துவமனையில் கிடக்கிறார். வீடு திரும்பியதும் போதும் என்று பதவியை விட்டுவிடுவார் போலிருக்கிறது. அந்த நாற்காலிக்கு இவர் இப்போதே துண்டு போட்டு வைக்கிறார்.

நாற்காலி யாருக்குப் போனால் அவளுக்கென்ன? அந்த மனிதர் எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான். அவள் மாடிப்படியில் சறுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, படிக்குக் கைப்பிடி வைப்பதுபற்றி அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம் என்றவர் துணைத் தலைவர். மறுநாளே ஆளைக் கூட்டிவந்து கைப்பிடி பொருத்தியவர் தலைவர். "விழுந்தப்புறம் விவாதிக்க என்னம்மா இருக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவருக்காகத்தான் இந்தப் பூக்களைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள். ஓரம் பழுப்பேறிய இதழ்களை ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும்போதெல்லாம், இது வாடறதுக்குள்ள வந்துடுங்க ஐயா என்று மனசுக்குள் கெஞ்சினாள். ரோஜாக்கள் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தன. அவளும்தான்.

"மூச்சு விடவே சிரமப்படறாராமே, பாவம்."

"ஆமாமா. ரொம்பச் சிரமம்தான்," என்றார் துணைத் தலைவர், தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையில் தூசியைத் தட்டிக்கொண்டே.

மத்தியானம் போன் அடித்தது. அவர் காலரைச் சரிசெய்துகொண்டுதான் எடுத்தார்.

"சொல்லுங்க..." குரல் தழைந்திருந்தது. "அப்படியா? ...நிஜமாவா? ...எப்போ?" கடைசியில், "சந்தோஷம்" என்ற ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவருக்கு நேரம் பிடித்தது.

"என்னங்க ஆச்சு?"

"வீட்டுக்கு வந்துட்டாராம். கைப்பிடியைக்கூடப் பிடிக்காம மூணு மாடியும் ஏறினாராம்."

"அப்பாடா!" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கிளம்புங்க, கிளம்புங்க! பொருளாளர் முந்திடப் போறாரு!"

துணைத் தலைவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். மனுஷனுக்குச் சந்தோஷத்தில் கால் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பூவோடு கடையில் கொடுத்த பெரிய பொதி பரண்மேல் இருந்தது. பூ வைக்கிற தட்டு, நேரம் வரும்வரை பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நேரம்தான் வந்துவிட்டதே! இறக்கி வைத்து, சுற்றியிருந்த காகிதத்தைப் பரபரவென்று கிழித்தாள்.

உள்ளே தட்டு இல்லை. பச்சைத் தாள் சுற்றிய மூங்கில் வளையம். அதன் குறுக்கே கறுப்பு ரிப்பன். ரிப்பனில் பொன் எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. அதற்கடியில் கணவரின் பெயர். பெயருக்குக் கீழே, 'துணை' இல்லாமல், வெறும் 'தலைவர்'.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரிப்பனைப் பார்க்கவில்லை. படுக்கை அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கசங்காம திரும்ப மேல வை. சாயங்காலம் தண்ணி மாத்த மறந்துடாத," என்றார். "எண்பதைத் தாண்டின உடம்பு. இந்த வெயிலுக்கு எத்தனை நாள்தான் தாங்கும்?"