திமாண்டருக்கு விழுந்த சில்லு

"என்னங்க, பத்து வருஷத்துக்கு ரெண்டு போர்வை போதுமா, மூணா வைக்கவா?"

மெலித்தா சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள். அவள் புருஷன் திமாண்டர் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கையை வீசிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணா வை. கடல் காத்து குளிரும். ஏதென்ஸ் மக்களே! நீங்கள் என்னை விரட்டலாம், ஆனால் என் குரலை..."

வீசிய கை மாடத்தில் இருந்த எண்ணெய் ஜாடியில் பட்டது. டமார்! ஆந்தைப் படம் போட்ட ஜாடி. அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. நல்ல வேளை, எண்ணெய் தீர்ந்திருந்தது.

"ஊரை விட்டுப் போறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுவீங்க போலிருக்கே!"

"நாடே நான் இல்லாம தவிக்கப்போகுது, நீ ஜாடிக்கு அழுறியா?"

முணுமுணுத்துக்கொண்டே உடைசலைக் கூட்டிக் கிணற்றடியில் ஒதுக்கினாள்.

அன்றைக்கு ஊரில் சில்லு போடும் நாள். எவன் ஊரைவிடப் பெரிய ஆளாகிவிட்டான் என்று நினைக்கிறார்களோ, அவன் பேரைப் பானைச் சில்லில் கீறிச் சந்தைத் திடலில் போடுவார்கள். அதிகச் சில்லு விழுந்தவன் பத்து வருஷம் ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆனால் சொத்து போகாது, மானமும் போகாது. இன்னும் சொன்னால் அது ஒரு கௌரவம். தளபதிகளுக்கும் பெரிய தலைகளுக்கும்தான் அந்த யோகம் அடிக்கும்.

"ஏங்க, சபையில நீங்க பேசினதெல்லாம் மீன்கடைத் தண்ணி தெருவுல ஓடுறதைப் பத்தி மட்டும்தானே? அதுக்கா நாடு கடத்துவாங்க?"

"நான் எழுந்து நின்னாலே பெரிய மனுஷங்களுக்குக் கிலி. அரசியலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஏன் தெரியாது? இந்த ஊர் யாருக்குன்னு அத்தீனா தேவியும் கடல்சாமி பொசைடனும் மல்லுக்கு நின்னப்ப, பொம்பளைங்க ஓட்டுதான் அத்தீனாவை ஜெயிக்க வச்சது. அந்த வயித்தெரிச்சல்லதானே எங்க ஓட்டையே பிடுங்கிட்டீங்க! திருப்பிக் குடுத்துப் பாருங்க, என் முதல் சில்லு உங்களுக்குத்தான்."

"தப்பிச்சேன்டா சாமி!" என்று சிரித்தான் திமாண்டர். உடனே குரல் இறங்கிவிட்டது. "மெலித்தா... யாராவது எழுதுவாங்கல்ல?"

போன தடவை அவன் பேரில் ஒரு சில்லுகூட விழவில்லை. 'உன்னைக் கண்டு எங்களுக்கென்னப்பா பயம்?' என்று முடிவெட்டும் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். கஞ்சிகூட இறங்கவில்லை. இன்னொரு தடவை அவன் அப்படிச் சுருண்டு கிடப்பதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"எழுதாம எங்க போயிடுவாங்க? கிளம்புங்க, நேரமாச்சு."

"முகம் கழுவிட்டுப் போறேன்" என்று கிணற்றடிக்குப் போனான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அத்தனை நேரம் கழுவிவிட்டு, ஈரத்தாடியோடு புறப்பட்டான்.

அவன் தெருமுனை தாண்டியதும் மெலித்தாவின் தம்பி டோரியோன் வந்தான். "மாமா போயாச்சா அக்கா?"

மெலித்தா அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் திமாண்டரின் குரல்தான் முதலில் வீட்டுக்குள் வந்தது.

"ரெண்டு! மெலித்தா, எனக்கு ரெண்டு சில்லு!"

"ரெண்டா?" மெலித்தா நிஜமாகவே திகைத்துப்போனாள்.

"ஏன், கம்மியா? எல்லார் காதிலயும் விழுற மாதிரி அறிவிச்சாங்க. போறது என்னவோ ஒரு தளபதிதான். ஆனா என்னைக் கண்டு நடுங்குறவன் இந்த ஊர்ல ரெண்டு பேர் இருக்கான், பாத்தியா!"

"பாத்தேன், பாத்தேன். மூட்டையை அவிழ்க்கலாமா?"

"அவிழ்க்காதே. அடுத்த வருஷம் இருக்குல்ல!" எதிர்வீட்டுக்காரனிடம் சொல்ல அப்படியே ஓடினான். இனி இந்த வீட்டில் கஞ்சி இறங்கும்.

பின்னாலேயே டோரியோன் வந்தான். சிரிப்பை அடக்கி அடக்கி அவன் முகம் சிவந்திருந்தது.

"அக்கா, காலையில நீ எடுத்துக் குடுத்த சில்லுல மாமா பேரைக் கீறி, சொன்னபடியே போட்டுட்டேன்."

"அது ஒண்ணுதானே? இன்னொண்ணு யாருடா போட்டது? நிஜமாவே அவருக்கு ஒரு எதிரி இருக்கானா?"

"எனக்கும் அதே சந்தேகம்தான். எண்ணி முடிச்சுக் குப்பையில கொட்டினப்ப ரெண்டையும் பொறுக்கிட்டு வந்தேன். நீயே பாரு."

இரண்டு சில்லுகளை அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒன்றில் தம்பியின் நேரான எழுத்து, மற்றதில் அவளுக்கு நன்றாகப் பழகிய ஒரு கோணல் எழுத்து. திருப்பி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார்த்தாள். இம்மி பிசகாமல் பொருந்தி, அவள் கல்யாண ஜாடியின் ஆந்தை இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்து விழித்தது.