சுண்ணாம்புச் சுவர்

"அந்தச் சுவர்ல சுண்ணாம்பு அடிச்ச கை எது? இப்பவே முன்னால வரட்டும்!"

மீன் சந்தை ரெமிஹியோ கத்திய கத்தலில் வால்பரைசோ துறைமுக ஊரின் மேட்டுத் தெருவே திரும்பிப் பார்த்தது.

எந்தக் கை என்று எல்லோருக்கும் தெரியும். பெயரைத்தான் யாரும் சொல்லவில்லை.

கவிஞர் எவாரிஸ்தோ பதினாறு வருஷம் கழித்து அன்றுதான் ஊர் திரும்பியிருந்தார். உலகமே கொண்டாடும் மனுஷர். ராணுவ ஆட்சிக்குத் தப்பிக் கப்பலேறும் முன், சிவப்புப் பெயிண்டில் தன் கையாலேயே ஒரு கவிதையை ரொட்டிக்கடைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார். அச்சேறாத கவிதை.

இப்போது அங்கே வெறும் வெள்ளை.

"வேற பிரதி இல்லையா ஐயா?" கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"இல்லப்பா. முதல் வரி ஞாபகமிருக்கு. மிச்சமெல்லாம் போச்சு." என்றார் கவிஞர்.

ரெமிஹியோ ரொட்டிக்கடைக்குள் கை நீட்டினான். "ராணுவக்காரன் ஒரு தடவைதான் அழிக்கச் சொன்னான். இவ வருஷா வருஷம் அடிச்சா! சிப்பாய்க்கே இவ்வளவு விசுவாசம் கிடையாது. இவ ரொட்டிய நான் நாய்க்குக்கூட வாங்கறதில்ல!"

ரொட்டிக்கடை எர்மெலிந்தா மாவுக் கையோடு வெளியே வந்தாள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிரஷ்.

"கத்தி முடிச்சியா? வாளியப் பிடி."

"நான் எதுக்குடி பிடிக்கணும்?"

"தொண்டைக்கு மட்டும்தான் பலமா? பிடிய்யா!"

தேய்த்தாள். வெள்ளை பாலாக வழிந்தது. அடியில் சிவப்பாய் ஒரு எழுத்து. அப்புறம் ஒரு சொல். ஒரு முழு வரி.

"ராணுவக்காரங்க உளியால கொத்த வந்தாங்க. நானே அழிக்கிறேன்னு கெஞ்சினேன். சுண்ணாம்புல பசை சேர்க்கல. சேர்த்தா எழுத்தோட ஒட்டிக்கும். சேர்க்காட்டி மழைக்குக் கரைஞ்சு சிவப்பு எட்டிப் பார்க்கும். அதான் வருஷா வருஷம்..."

"ஆட்சி போனப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எழுதினவர் வரட்டும்னு இருந்தேன்."

கவிஞர் சுவரைத் தடவித் தடவிப் படித்தார். "ஆமா... இதான்... இதேதான்..." எர்மெலிந்தாவின் ஈரக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரெமிஹியோ பிரஷைப் பிடுங்கி, மீதிச் சுவரைத் தானே தேய்த்தான். கடைசி வரியும் வந்த பிறகு, தெருவைப் பார்த்து அதே தொண்டையில் கத்தினான்:

"அடிச்ச கை இங்க இருக்கு. அடிக்கச் சொன்ன வாய் எங்கடா? வரச் சொல்லுங்க அவனை! இந்தச் சுவர் முன்னால நின்னு, முதல் வரியிலேருந்து சத்தமா வாசிக்கட்டும்!"