முதல் பெஞ்சு எதிரொலி

"இனிமே நீங்க கடைசி பெஞ்சுல உக்காருங்கம்மா!"

வாத்தியாரான நான் போட்ட போட்டில் முதல் பெஞ்சு அம்மா நிமிர்ந்தார்.

மாலை நேர ஆங்கில வகுப்பு. படிக்க வருகிற எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். இந்த அம்மா ஏதோ ஒரு கிளினிக்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவர். யார் என்ன சந்தேகம் கேட்டாலும், அதை அப்படியே என் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை உரக்கச் சொல்வார். மூன்று மாதம் பொறுத்தேன். பொறுமைசாலி என்று என்னைப் பற்றி நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அவங்க கேட்டது என் காதுல விழாதா? நடுவுல நீங்க என்ன மைக்கா?"

பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். நாலைந்து பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். என் கண்டிப்பில் மிரண்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாடத்தை ஆரம்பித்தேன்.

"'ஆஸ் ப்ளெய்ன் ஆஸ் த நோஸ் ஆன் யுவர் ஃபேஸ்.' முகத்துல இருக்கற மூக்கு மாதிரி அப்பட்டமா தெரியற விஷயம்னு அர்த்தம். 'இதுகூடத் தெரியலையா உனக்கு?'ன்னு குத்திக்காட்டறப்போ சொல்லலாம். யாருக்காவது சந்தேகம்?"

டிரைவர் எழுந்தார். வாயை அசைத்தார். சத்தத்தைக் காணோம்.

"சத்தமா கேளுங்க."

மறுபடி அசைத்தார். பக்கத்திலிருந்த நர்ஸும் அசைத்தார். ஓஹோ, அந்த அம்மாவுக்காக எல்லாரும் கூட்டுச் சேர்ந்து ஊமை நாடகம் போடுகிறார்களா? எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன, விளையாடறீங்களா?"

கடைசி பெஞ்சிலிருந்து கணீரென்று வந்தது அந்தக் குரல்.

"'அவங்கவங்க மூக்கு அவங்கவங்களுக்குத் தெரியாதே, அப்புறம் எப்படி அது அப்பட்டம்?'னு டிரைவர் அண்ணன் கேக்கறாரு சார்!"

நல்ல கேள்வி.

"அதைப் பக்கத்துல இருக்கறவங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றேன், பெருமையாக. டிரைவர் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா வந்து மேசைமேல் ஒரு டோக்கனை வைத்தார். நம்பர் ஒன்று. ஏதோ சொன்னார்.

"என்னம்மா?"

"நான் வேலை பாக்கறது காது டாக்டர்கிட்ட சார்! நாளைக்கு நீங்கதான் முதல் ஆளு! உங்க மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் மூணு மாசமா திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருந்தேன்!"

எனக்கே கேட்டதென்றால் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. யார் காதிலெல்லாம் விழுந்ததோ என்று பதறித் திரும்பினேன்.

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட நிமிரவில்லை. அவர்களுக்கு அது பழைய செய்தி.