குறையாத டியூப்

மும்தாஜ் பேகத்தின் முகத்தில் பரு இல்லாத இடம் கண்கள் மட்டும்தான். மூக்கு நுனியில் இருந்த ஒன்றில் தீக்குச்சியை உரசினால் பற்றிக்கொள்ளும் என்று மேலப்பாளையத்தில் பேச்சு. மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை.

கடலை மாவு, சந்தனம், ஆற்றுத் தண்ணீர் எல்லாம் அந்த முகத்திடம் தோற்றுப்போயின.

அவளுக்குப் பேசியிருக்கும், சவுதி தம்மாமில் இருக்கும் மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்துத்தான் தலையாட்டுவாராம். பெருநாள் கழிந்ததும் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று வாப்பா சொல்லிவிட்டார்.

இந்த நேரத்திலா அண்ணன் ஹாஜா சவுதியிலிருந்து வந்து பெட்டியைத் திறக்க வேண்டும்?

சோப்பு, செண்டு, தைலம் எல்லாம் தெருவுக்கே பங்கு வைத்தான். அரபி எழுத்துப் போட்ட ஒரு முகக் களிம்பு டியூப் மட்டும் பெண்டாட்டி முஃபீதாவுக்கு. அவளுக்கும் அங்கங்கே பரு உண்டு. பூசினாள். ஒரே வாரத்தில் முகம் பளிங்கு. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

மும்தாஜுக்கு வயிறு எரிந்தது.

ஹாஜா விமானம் ஏறினான். கொஞ்ச நாளில் முஃபீதா வீட்டுக்குள்ளேயே முக்காட்டைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். பல்வலியாம். பாளையங்கோட்டை டாக்டரிடம் போய் வந்தாள்.

"பாத்தியளா உம்மா, நிலாவ நாம பாத்தா தேஞ்சிரும்னு மூடுதா" என்று பொருமினாள் மும்தாஜ்.

போட்டோ நினைப்பில் வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்தாள். "மதினி, அந்த டியூப்ல எனக்கும் கொஞ்சம் தாங்களேன்."

"அது ஒனக்கு வேண்டாம்ளா" என்றாள் முஃபீதா. மும்தாஜின் கண்ணெதிரேயே டியூபை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அன்றிரவு மும்தாஜ் சாப்பிடவில்லை.

ஆனால் மதினிக்கு மறதி அதிகம். மறுநாளே சாவி பீரோவில் தொங்கியது. அவள் குளிக்கப் போன நேரத்தில் மும்தாஜ் ஒரு பொட்டுக் களிம்பைப் பிதுக்கிக்கொண்டாள். அதன் பிறகு தினமும் மதினி குளித்தாள், தினமும் சாவி தொங்கியது, தினமும் மும்தாஜ் பிஸ்மி சொல்லிப் பூசினாள்.

அதிசயம் என்னவென்றால், எடுக்க எடுக்க டியூப் இளைக்கவில்லை. மும்தாஜ் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாம் அரபி எழுத்தின் பரக்கத், அள்ள அள்ளப் பெருகும் அருள். ஓதத் தெரியும் அவளுக்கு, அர்த்தம்தான் தெரியாது.

பருக்கள் பையப் பைய அடங்கின. பெருநாள் போனது. போட்டோவும் போனது. மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று போன் வந்தது.

இனி என்ன பயம்? மும்தாஜ் நேரே மதினியின் அறைக்குப் போனாள்.

"பூட்டி வச்சீயளே, நானும் பூசிட்டேன். இனி யாருக்காக மூடுதீய?" என்று முக்காட்டைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு கன்னமும் செங்கல் சூளையாய்ச் சிவந்து வீங்கியிருந்தன.

"என்ன மதினி இது?"

"ஒங்க அண்ணன் போயாச்சு, இனி யாருக்குப் பூசணும்னு விட்டேன். பொங்கிருச்சு" என்றாள் முஃபீதா. "பரு வந்தா, ஒடம்புக்குள்ள ஒரு அணு இன்னொண்ணுக்குத் தந்தி அடிக்குமாம், 'இங்கன எதிரி புகுந்துட்டான், ஓடியா'ன்னு. செவப்பும் வீக்கமும் அதுல வாரதாம். இந்தக் களிம்பு தந்திக் கம்பிய அறுத்துருது. மொகம் அமைதியாத் தெரியும். நிறுத்தினா, தேங்கிக் கெடந்த தந்தியெல்லாம் ஒண்ணா வந்து எறங்குது. டாக்டர் சொன்னாரு."

மும்தாஜ் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப நான் பூசுனது?"

"களிம்ப நீ கேட்ட அன்னைக்கே பிதுக்கிக் கொட்டிட்டேன். நீ பூசுனது, ஒன் மொகத்தச் சொல்லி டாக்டர்ட்ட முன்னயே வாங்கி வச்ச மருந்து. டியூப்போட அடிய விரிச்சு, கொறையக் கொறைய நாந்தான் அடைச்சு வச்சேன்."

"அதக் கையில குடுத்திருக்கலாம்லா, மதினி?"

முஃபீதா முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் குடுத்தா தூக்கி எறிஞ்சிருப்ப. திருடுனதுனாலதாம்ளா ஒரு நாள் விடாமப் பூசுன."