ஆமி கிண்டும் வெங்காயம்

காலை பத்து மணி. பிரான்சில், ரூ காய் என்னும் தெருவில் ஓர் உணவகத்தின் சமையலறை. பாத்திரம் கழுவும் சிந்துக்காரர் பக்ஸ், குழாய்க்கு மேலே ஒரு சூஃபியின் படத்தை ஒட்டியிருக்கிறார். உழுபவருக்கே விளைச்சல் என்று நிலக்கிழார்களை எதிர்த்தவர் அந்தச் சூஃபி. எதிரே சமையற்காரர் யோகநாதனின் கைபேசியில் அவருடைய அக்கா, ஊரில் முள்வேலிக்கு வெளியே நின்று, இருபத்தைந்து ஆண்டுகளாக இராணுவம் பிடித்து வைத்திருக்கும் யோகநாதனின் தோட்டத்தைக் காட்டுகிறார். சிப்பாய்கள் மண்ணிலிருந்து வெங்காயம் கிண்டுகிறார்கள். "கிட்டப் போய்க் காட்டக்கா." "உனக்கென்ன விசரோ? சுட்டுப்போடுவாங்கள்." யோகநாதன் சூஃபியின் படத்தைப் பார்க்கிறார். இவர் கடைசியில் வென்றாரா என்று பிரெஞ்சில் கேட்கிறார். பக்ஸ் ஈர விரலால் தன் கழுத்தை அறுப்பதுபோலக் காட்டுகிறார். குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. யோகநாதன் கைபேசிக்கு அருகே குனிகிறார். "அக்கா, ஆழமாக் கிண்டச் சொல்லு. பாதி மண்ணுக்குள்ளயே கிடக்குது."