வெங்காயம் வாங்க வந்தவர்

“விதை வெங்காயம் நல்லதாய் ஆரிட்டை எடுக்கலாம், தம்பி?”

கரவெட்டியிலிருந்து புத்தூருக்கு வந்து, தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் குந்தியதும் ஆழ்வாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி இது. சுத்தப் பொய். அவர் வீட்டிலேயே விதை வெங்காயம் கட்டித் தொங்குகிறது.

வந்தது மாப்பிள்ளை விசாரிக்க. இளையவள் ஆரபிக்கு இந்த ஊர்ப் பெடியன் கஜானனைப் பேசி வந்திருக்கிறது. கச்சேரியில் அரசாங்க வேலை. சாதகமும் பொருத்தம். ஆனால் கலியாணத்துக்கு விசாரிக்கிறேன் என்று வாய் திறந்தால் எங்கள் ஆட்களிடம் உண்மை வருமா? கலியாணம் குழப்பின பாவம் நமக்கேன் என்று, எவனையும் தூக்கி வைத்துத்தான் கதைப்பார்கள்.

மூத்தவளுக்குப் பார்த்தபோது அப்படித்தான் ஓர் ஊரே சேர்ந்து புகழ்ந்தது. கட்டினவன் வாய் திறந்தால் பொய். எட்டாம் மாதம் அவள் ஒற்றைப் பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஆரபிக்கும் அப்படி ஒன்று நடந்தால் மனிசன் தாங்கமாட்டார்.

கடைக்காரர் கனகலிங்கம் பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்தார்.

“வாற வழியிலை வலை கட்டிக் கிடந்தது. பந்தடி நடக்குமோ?”

“நடக்கும், நடக்கும். நடந்து என்ன பிரயோசனம்?”

“கஜானன் எண்டு ஒரு பெடியன் வலு கெட்டிக்காரனாம்?”

அவ்வளவுதான். கையிலிருந்த துணியை மேசையில் எறிந்துவிட்டுக் கனகலிங்கம் எதிரே இருந்துவிட்டார்.

“உவன்ரை பேரைச் சொல்லாதேங்கோ ஐயா. போன மாதம் கரப்பந்தாட்ட இறுதிப்போட்டி. கடைசிச் செற். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தாக் கோப்பை எங்கடை. எதிர்ப்பக்கத்தான் அடிச்ச பந்து வெளியிலை போய் விழுந்தது. நடுவர் விசில் ஊதி எங்களுக்குப் புள்ளியைத் தந்திட்டார். சனம் துள்ளிக் குதிக்குது. உவன் என்ன செய்தான் தெரியுமே? கையை உயர்த்திக்கொண்டு நடுவரிட்டைப் போய், ‘சேர், பந்து என்ரை விரலிலை பட்டுத்தான் போனது’ எண்டான்.”

“பட்டதோ?”

“ஆருக்குத் தெரியும்? ஒரு நகக்கண் அளவு பட்டிருக்கும். கண்டவன் ஒருத்தனும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தாச் சரி. புள்ளி அவங்களுக்குப் போச்சு. அதுக்குப் பிறகு எங்கடை பெடியள் எழும்பவேயில்லை. கோப்பையும் போச்சு.”

ஆழ்வாப்பிள்ளை தேத்தண்ணியைத் தொடவில்லை.

“தோத்தாப் பிறகு பெடியன் என்ன சொன்னவன்?”

“ஊர் முழுக்கத் திட்டுது. உவன் அடுத்த நாள் விடிய தனிய நிண்டு மதிலுக்குப் பந்தடிக்கிறான். கவலை இல்லையோடா எண்டு கேட்டன். ‘இரவு முழுக்க அழுதனான் அண்ணை. எண்டாலும் இனியும் பட்டாச் சொல்லுவன்’ எண்டான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.”

“சின்ன வயசிலையிருந்தே உப்பிடியோ?”

“எங்கை? பள்ளிக்கூடம் படிக்கேக்குள்ளை உவன்ரை குழப்படி தாங்கேலாது. மதில் பாய்ஞ்சு மாங்காய் பிடுங்கிறது, கேட்டால் இல்லையெண்டு சத்தியம் பண்ணுறது. பந்தடிக்கப் போய்த்தான் பழுதாப் போனான். இப்ப விடிய நாலரைக்கு ஓட்டம். மழை பெய்தாலும் ஓட்டம். ஒரு கொண்டாட்டத்திலை ஆசைக்குப் பியர் ஊத்திக் குடுத்தாலும், ‘காலமை ஓடவேணும் அண்ணை’ எண்டிட்டுப் போயிடுவான். மனிசரோடை பழகத் தெரியாது.”

கனகலிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

“இன்னும் கேளுங்கோ. அணிக்கு உவன்தான் தலைவன். ரெண்டு நாள் பயிற்சிக்கு வரேல்லையெண்டு சொந்தத் தம்பியை அரையிறுதியிலை வெளியிலை இருத்திப்போட்டான். தாய் ஒரு கிழமை உவனோடை கதைக்கேல்லை. கூடப்பிறந்தவனுக்கே இரக்கம் பாராதவன் ஐயா.”

அந்த நேரம் பார்த்து ஆழ்வாப்பிள்ளையின் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவருடைய போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைக்கும்.

“இஞ்சேருங்கோ.” மனைவி பத்மாசினியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. “கஜானனைப் பற்றி விசாரிச்சனீங்களே? ஆரபிக்குச் செய்யலாமோ எண்டு சொல்லுங்கோவன். தரகர் வந்து நிக்கிறார்.”

“கொஞ்சம் பொறும். எடுக்கிறன்.”

கனகலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயா... நீங்கள் பெம்பிளையின்ரை தகப்பனோ?”

“ஓம் தம்பி.”

கோப்பை போன கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. ஒரு பெடியனின் கலியாணத்தைத் தன் வாயால் குழப்பிவிட்டோமே என்று மனிசனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“நான் சொன்னதை மனசிலை எடுக்காதேங்கோ ஐயா. கஜானன் வலு நல்ல பிள்ளை. ஊரிலை ஒருத்தரும் ஒரு குறை சொல்லமாட்டினம்.”

“அப்ப நடுவரிட்டைப் போய்க் கையை உயர்த்தினது?”

கனகலிங்கம் எறிந்த துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

“அது... அது கஜானன் இல்லை ஐயா. வேறை ஒரு பெடியன். நான் பேரை மாறிச் சொல்லிப்போட்டன்.”

“தம்பியை வெளியிலை இருத்தினது?”

“அதுவும் அந்தப் பெடியன்தான். கஜானன் ஏன் ஐயா அப்பிடிச் செய்யப்போறான்?”

ஆழ்வாப்பிள்ளை சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

“அப்ப அந்த வேறை பெடியன்ரை வீட்டைக் காட்டும் தம்பி. என்ரை பிள்ளையை அவனுக்குத்தான் குடுக்கப்போறன்.”