பதினொரு தண்டுகள்

பதினொரு தண்டையும் பிடுங்கிவிட்டான். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

சமையலறை மேசையில், செய்தித்தாள் மேல் கிடந்தன. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத சிவப்பு ரூபார்ப் தண்டுகள், சர்க்கரை சேர்த்து மாவுக்குள் வைத்துச் சுடும் புளிப்புத் தண்டுகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிடுங்கியது பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் இல்லை. என் கணவன் சிரில்.

நட்ட முதல் வருஷம் ரூபார்ப் செடியில் கை வைக்கக் கூடாது, வேர் பிடிக்க விட வேண்டும் என்று எங்கள் வேக்ஃபீல்டு ஊர் முழுக்கப் பாடம் எடுத்தவன். பாதிரியார் ஆசையாக ஒரு தண்டைத் திருகப் போனபோது அவர் கையிலேயே ஒன்று போட்டவன்.

இந்தச் செடி போன நவம்பரில்தான் இடம் மாறியது. கொட்டகைக்குப் பின்னால் இருந்த பழைய புதர் அழுகிவிட்டது. மிஞ்சிய ஒரே வேர்த்துண்டைத் தோண்டியெடுத்து, சமையலறை ஜன்னலுக்குக் கீழே நட்டான். கொட்டகை வரை நடந்தால் எனக்கு இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது.

சிரில் இலைகளை நறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தான். இலை விஷம். அந்தப் புத்தியாவது மிச்சம் இருந்தது.

“உனக்கென்ன மூளை கழண்டுபோச்சா? செடி செத்துடும்யா!”

“கத்தாத கண்ணு. உனக்குப் பிடிக்குமேன்னுதான். நீ மாவைப் பிசை, கஸ்டர்ட் நான் காய்ச்சுறேன்.”

பிடிக்கும்தான். அதற்காக? வீட்டுக்கு வீடு ரூபார்ப் வளரும் எங்கள் தெருவில் அதைக் கடையில் வாங்குவது மானக்கேடு. அந்த மானக்கேட்டையே பட்டிருக்கலாம். ஒரு வருஷம் பொறுத்துக்கொள்கிறேன் என்று நானே சொல்லியிருந்தேன். இவனுக்கு என்ன அவசரம்?

நாற்காலியில் சேற்றோடு கிடந்த அவன் கோட்டை எடுத்து உதறினேன், கொஞ்சம் பலமாகவே. உள்பையிலிருந்து ஒரு கவர் விழுந்தது.

மேலே என் பெயர். பிரித்திருந்தது.

நாற்பத்தாறு வருஷத்தில் எனக்கு வந்த கடிதத்தை அவன் பிரித்ததே இல்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் படத்தின் முடிவு வந்துவிட்டதாம். நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வரும்போது குடும்பத்தில் ஒருவரைக் கட்டாயம் அழைத்து வரவும் என்று எழுதியிருந்தது. அப்படி எழுதினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

சிரில் கத்தியைக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பதினொரு தண்டையும் சேர்த்து அவன் தலையிலேயே அடிக்கலாம் போலிருந்தது.

“நீயே முடிவு பண்ணிட்டியா? எல்லாத்தையும் பிடுங்கிட்டா, அடுத்த வருஷம் நான் எதைத் திங்கிறது?”

சிரில் கோட்டைக்கூட வாங்கிக்கொள்ளாமல் எருக்கூடையைத் தூக்கிக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே போய்க் குனிந்தான்.